முதல் மீன் தொட்டி: பவுலா, ஒரு அடியா, ரெண்டு அடியா, மூணு அடியா?

மீன் வளக்கணும்னு ஆசைப்பட்டு கேக்குறவங்க முக்கால்வாசி பேர் முதல்ல கேக்குறது "எந்த மீன் வாங்கலாம்"னுதான். தொட்டியப் பத்தி கேக்குறதே இல்ல, அது ஏதோ ஒரு கண்ணாடிப் பெட்டி, எதுல விட்டாலும் மீன் நீந்தும்னு நினைக்கிறாங்க. ஆனா உண்மைல முதல்ல முடிவு பண்ண வேண்டியது தொட்டி சைஸ். எந்த மீன், எத்தன மீன், எந்த பில்டர், வாரத்துக்கு எவ்ளோ வேலை, எல்லாமே அதுக்குப் பின்னாடிதான் வரும். சின்னதா ஆரம்பிச்சு பழகிட்டு அப்புறம் பெருசுக்கு போகலாம்ங்கறது கேக்க நியாயமா இருக்கு, மத்த விஷயத்துல எல்லாம் அது சரியாவும் இருக்கலாம், மீன் தொட்டில மட்டும் அது தலைகீழ். சின்னத் தொட்டிதான் கஷ்டம். ஏன்னு சொல்றேன், அப்புறம் நாலு சைஸையும் ஒவ்வொண்ணா பாக்கலாம்.

எத வச்சு முடிவு பண்ணணும்

முதல் விஷயம் அம்மோனியா. மீன் மூச்சு விடும்போது செவுள் வழியா அம்மோனியா வெளிய வருது, கழிவும் மிச்சம் விழுந்த தீனியும் அழுகி அதுவும் அம்மோனியாவா மாறுது, இது மீனுக்கு விஷம். ஆத்துலயோ குளத்துலயோ இருக்குற தண்ணி அளவுக்கு அது ஒண்ணுமே இல்ல, ஆனா தொட்டிக்குள்ள அது போக வேற இடம் கிடையாது. பில்டர்ல இருக்குற ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவ நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம்தான், இன்னொரு வகை அந்த நைட்ரைட்ட நைட்ரேட்டா மாத்தும், நைட்ரேட் கொஞ்சம் சேந்தா பரவால்ல, வாராவாரம் தண்ணி மாத்தும்போது குறைஞ்சிடும். இந்த பாக்டீரியா கூட்டம் புதுத் தொட்டில கிடையாது, வளந்து நிக்க 4லருந்து 6 வாரம் ஆகும். இததான் சைக்கிளிங்னு சொல்றோம். இத தெரிஞ்சுக்காம மீன் வாங்குறதுனாலதான் முதல் மாசத்துலயே மீனெல்லாம் போய் "நமக்கு ராசி இல்ல"னு தொட்டிய பரண்ல ஏத்திடுறாங்க. ராசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்க.

இப்ப சைஸுக்கு வருவோம். ஒரே அளவு தீனி அழுகி ஒரே அளவு அம்மோனியா வருதுன்னு வச்சுக்கோங்க, 5 லிட்டர் பவுல்ல அது கலந்தா இருக்குற காட்டம் 50 லிட்டர் தொட்டில பத்துல ஒரு பங்குதான். ஒரு மீன் செடிக்குப் பின்னாடி செத்துக் கிடந்து நீங்க ஒரு நாள் கவனிக்கலன்னா கூட பெரிய தொட்டி தாங்கும், சின்னது தாங்காது. வெப்பமும் அப்படித்தான், கொஞ்சம் தண்ணி சீக்கிரம் சூடாகும் சீக்கிரம் ஆறும், வெப்பமண்டல மீனுக்கு 24லருந்து 27 டிகிரிக்குள்ள நிலையா இருக்கணும், ஏறி இறங்கிட்டே இருந்தா மீன் தளர்ந்து வெள்ளைப்புள்ளி நோய் மாதிரி வந்து ஒட்டிக்கும்.

ரெண்டாவது, மேல்பரப்பு. தண்ணிக்குள்ள ஆக்சிஜன் போறது மேல்பரப்பு வழியாதான், அதனால ஒரே லிட்டர் கணக்குல ஒசரமான தொட்டிய விட நீளமான தொட்டி நல்லது. மூணாவது எடை. 1 லிட்டர் தண்ணி 1 கிலோ, அதோட கண்ணாடி, கிராவல் (அடில பரப்புற பொடிக்கல்லு), கல்லு எல்லாம் சேரும், மேஜை தாங்குமான்னு வாங்குறதுக்கு முன்னாடியே யோசிக்கணும். நாலாவது வாராந்திர வேலை. அஞ்சாவது தொட்டிக்கு வெளிய இருக்குற செலவு: பில்டர், ஹீட்டர், மூடி, லைட், குளோரின் எடுக்குற மருந்து, தண்ணில அம்மோனியா, நைட்ரைட் எவ்ளோ இருக்குன்னு பாக்குற டெஸ்ட் கிட். கடைசியா, உங்களுக்குப் பிடிச்ச மீன் அதுல வாழுமாங்கறது.

மொத்தமா ஒரு பார்வைக்கு:

| | பவுல் | ஒரு அடி | ரெண்டு அடி | மூணு அடி |
|---|---|---|---|---|
| அளவு | உருண்டை | 1×1×1 அடி | 2×1×1 அடி | 3×1×1.5 அடி |
| கொள்ளளவு | 5 லிட்டர் பக்கம் | 28 லிட்டர் | 56 லிட்டர் | 127 லிட்டர் |
| நிரப்பினா எடை | மேஜை தாங்கும் | 40 கிலோ பக்கம் | 75 கிலோ பக்கம் | 150 கிலோவுக்கு மேல |
| தண்ணி மாத்துறது | ஒண்ணு ரெண்டு நாளுக்கு ஒருவாட்டி | வாரம் 7 லிட்டர் | வாரம் 13 லிட்டர் | வாரம் 30 லிட்டர் |
| தப்பு பண்ணா தாங்குமா | தாங்காது | கொஞ்சம் | நல்லாவே | ரொம்ப நல்லா |
| யாருக்கு சரி | யாருக்கும் இல்ல | ஒரே ஒரு ஃபைட்டர் மீன், இல்ல இறால் | புதுசா ஆரம்பிக்கிற பெரும்பாலானவங்க | இடம் உறுதியா இருக்கறவங்க |

கொள்ளளவுன்னு போட்டிருக்கறது வெளி அளவ வச்சு போட்ட கணக்கு. கிராவல் போட்டு மேல ரெண்டு விரக்கடை விட்டு நிரப்பினா உள்ள இருக்குற தண்ணி இதுல பத்து பதினஞ்சு சதவீதம் கம்மியாதான் இருக்கும், மருந்து ஊத்தும்போது அந்தக் கணக்க வச்சு ஊத்துங்க.

பவுல்

என் முதல் தொட்டி பவுல்தான், அதுல நாலு கப்பி. மூணாவது நாள் காலைல பாத்தா தண்ணி பால் ஒரு சொட்டு விட்ட மாதிரி மங்கலா இருந்துச்சு, நாலு மீனும் மேல வந்து தண்ணி ஓரத்துல வாய வாய திறந்துட்டு நின்னுச்சு. பசிக்குதுன்னு நினைச்சு தீனி போட்டேன், அது அப்படியே அடில போய் உக்காந்துச்சு. சாயங்காலம் மொத்த தண்ணியையும் கொட்டிட்டு குழாய் தண்ணி நேரா புடிச்சு ஊத்தினேன், ராத்திரிக்குள்ள நாலும் போச்சு. மேல வந்து வாய் திறந்தது பசியில்ல, செவுள் எரிஞ்சு மூச்சு முட்டுனதுன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது, கடைசியா கொன்னது அந்த குழாய் தண்ணில இருந்த குளோரின். இன்னமும் அந்த நாலு மீன் ஞாபகம் வரும்.

பவுலோட பிரச்சனை சைஸ் மட்டும் இல்ல. வாய் குறுகலா இருக்கறதால கழுத்து வரைக்கும் நிரப்பினா மேல்பரப்பு இன்னும் சுருங்கிடும். பில்டர் மாட்ட இடம் கிடையாது, ஹீட்டர் போட்டா அவ்ளோ கொஞ்சத் தண்ணில சட்டுனு சூடேறிடும். விலை கம்மின்னு வாங்குவோம், ஆனா அடிக்கடி தண்ணி மாத்துற மருந்தும், திரும்பத் திரும்ப வாங்குற மீனும், கடைசில எப்படியும் வாங்கப் போற பெரிய தொட்டியும் கணக்குல சேத்தா சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்ங்கற கதைதான்.

கோல்ட் ஃபிஷ் பவுல்ல இருக்குற படம் எல்லார் மனசுலயும் பதிஞ்சிருக்கு, அத மறந்துடுங்க. கோல்ட் ஃபிஷ் வெப்பமண்டல மீனே இல்ல, அது குளிர்ந்த தண்ணி மீன், நல்லா வளத்தா ஒரு சாண் நீளம் வரும், பத்து வருஷத்துக்கு மேல வாழும், கழிவும் அதிகம். கையில பவுல் ஏற்கனவே இருந்தா மீன் இல்லாம தண்ணிச் செடி மட்டும் போட்டு வைங்க, அழகா இருக்கும்.

ஒரு அடி தொட்டி

இடம் ரொம்ப கம்மி, மேஜை ஓரம் மட்டும்தான் இருக்குன்னா இது. ஆனா இதுல மீன் வேணும்னா ஒரே ஒரு முடிவுதான் எடுக்க முடியும்: ஒரு ஆண் ஃபைட்டர், தனியா. ஃபைட்டருக்கு தலைக்குள்ள காத்தையே நேரா சுவாசிக்கிற உறுப்பு ஒண்ணு இருக்கு, அடிக்கடி மேல வந்து ஒரு வாய் காத்து வாங்கிட்டு போகும், அதனாலதான் கப்புல போட்டு விக்கிறாங்க. கப்புல உசுரோட இருக்குங்கறதுக்காக அதுக்கு கப்பு போதும்னு அர்த்தம் இல்ல, சூடும் சுத்தமான தண்ணியும் அதுக்கும் வேணும். 25 லிட்டர் தண்ணி, மெதுவா ஓடுற ஸ்பாஞ்ச் பில்டர் (ஏர் பம்ப் காத்துல ஓடுற பஞ்சு பில்டர்), 25 வாட் ஹீட்டர், நாலு இலை பெரிய செடி, இவ்ளோ இருந்தா அது ராஜா மாதிரி இருக்கும், நீங்க கிட்ட போனா கண்ணாடி ஓரம் வந்து பாக்கும். மூடி கண்டிப்பா வேணும், ஃபைட்டர் குதிக்கும், ஆனா மூடிக்கும் தண்ணிக்கும் நடுவுல காத்து இருக்க இடைவெளி விடணும்.

இன்னொரு நல்ல ஆப்ஷன் செர்ரி இறால், ஒரு பத்து வாங்கி விட்டா பாசிய மேஞ்சுகிட்டு அதுவா பெருகும். ஃபைட்டரும் இறாலும் சேத்து விடாதீங்க, குட்டி இறால தின்னுடும். கப்பி ஜோடி ஜோடியா விடலாம்னு ஆசை வரும், வேணாம். பெட்டை கப்பி மாசத்துக்கு ஒருவாட்டி குட்டி போடும், ஆண் இல்லாமலே முன்னாடி சேத்து வச்ச விந்துல பல மாசம் குட்டி போட்டுட்டே இருக்கும், ஒரு அடி தொட்டி நாலு மாசத்துல நெரிஞ்சு போயிடும்.

மறைமுக செலவுன்னு பாத்தா, சின்னத் தொட்டிய செட்டா விக்கும்போது உள்ளயே ஒரு கார்ட்ரிட்ஜ் பில்டர் வச்சு குடுப்பாங்க, மாசாமாசம் புதுசு மாத்தச் சொல்லி எழுதியிருக்கும். மாத்துனா காசும் போகும், அதுல குடியிருக்குற பாக்டீரியாவும் குப்பைக்கு போகும். கார்ட்ரிட்ஜ எடுத்துட்டு அதே சைஸ்ல ஒரு ஸ்பாஞ்ச் வெட்டி வச்சுக்கோங்க, வருஷக்கணக்குல வரும்.

ரெண்டு அடி தொட்டி

யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது இதுதான். உள்ள 50 லிட்டர் தண்ணி நிக்கும், அது நம்ம தப்பெல்லாம் பொறுத்துக்குற அளவு. கூட்டமா இருக்குற சின்ன மீன்கள கூட்டமாவே வளக்கலாம், டெட்ராவ ரெண்டு மூணா விட்டா பயந்து மூலைல நிக்கும், எட்டு பத்தா விட்டா அதுங்க நடந்துக்குறதே வேற. தண்ணி மாத்துறதும் லேசு, ஒரு வாளி எடுத்து ஒரு வாளி ஊத்துனா முடிஞ்சுது, பாசி துடைக்கிறதோட சேத்து அரை மணி நேரம்.

இதுக்கு 50 வாட் ஹீட்டர் சரியா இருக்கும், லிட்டருக்கு 1 வாட்ங்கறது ஒரு உத்தேசக் கணக்கு. ராத்திரிலயும் உங்க தண்ணி 24க்கு கீழ இறங்கலன்னா ஹீட்டரே தேவைப்படாம போகலாம், அதனால முதல்ல ஒரு தெர்மாமீட்டர் போட்டு ஒரு வாரம் காலைல எழுந்ததும் பாருங்க. ஹீட்டர் இருந்தா தண்ணி மாத்துறதுக்கு கால் மணி நேரம் முன்னாடியே ஆஃப் பண்ணிடணும், சூடா இருக்கும்போது காத்துல பட்டா கண்ணாடி விரிசல் விடும்.

பில்டர்ல ஸ்பாஞ்ச் பில்டரும் ஏர் பம்பும் போதும். தொங்கவிடுற ஹேங் ஆன் பில்டர் தண்ணிய இன்னும் தெளிவா வச்சிருக்கும், ஆனா குட்டி மீன உறிஞ்சிடும், சத்தமும் கொஞ்சம் உண்டு. ஸ்பாஞ்ச்ல கெட்டுப் போக எதுவுமே இல்ல, கரண்ட் போனா பேட்டரி ஏர் பம்ப்ப அதே டியூப்ல சொருகிடலாம். பம்ப்ப தண்ணி மட்டத்துக்கு மேல வைங்க, இல்ல டியூப்ல தண்ணி திரும்பி வராம தடுக்குற ஒரு செக் வால்வு போடுங்க, இல்லன்னா கரண்ட் போனதும் தண்ணி டியூப் வழியா திரும்பி வந்து தரைல கொட்டும். ஸ்பாஞ்ச கழுவுறது தொட்டில இருந்து எடுத்த பழைய தண்ணில மட்டும், குழாயடில புழிஞ்சீங்கன்னா ஆறு வாரம் வளத்தது ஒரு நிமிஷத்துல போச்சு.

மீன் தேர்வு உங்க தண்ணியப் பொறுத்தது. கெட்டித் தண்ணியா இருந்தா, அதாவது குழாய் வாயிலயும் பாத்திரத்துலயும் வெள்ளையா உப்பு படியுதுன்னா, கப்பி பிளாட்டி அதுல நல்லா வரும். மெதுத் தண்ணின்னா டெட்ரா. தண்ணிய மாத்தி மீனுக்கு சரிக்கட்டுறத விட மீன மாத்தி தண்ணிக்கு சரிக்கட்டுறது ஆயிரம் மடங்கு சுலபம். என் கணக்குல ரெண்டு அடிக்கு ஆண் கப்பி மட்டும் ஏழெட்டு, இல்லன்னா சின்ன டெட்ரா பத்தும் அடில மேயுற குட்டி கோரிடோராஸ் ஆறும். நியான் டெட்ராவ மட்டும் முதல்லயே விடாதீங்க, தொட்டி மூணு நாலு மாசம் ஓடி நிலைச்ச பிறகு விடுங்க, புதுத் தண்ணிய அது தாங்காது.

இதோட மறைமுக செலவு மேஜை. 75 கிலோவ ரெண்டு அடி நீளத்துல தாங்கணும், கொஞ்சம் கூட சாயக்கூடாது. ஒரு ஓரம் இறங்கியிருந்தா ஒட்டுப் போட்ட சிலிக்கான்ல இழுவை விழுந்து நாளடைவில கசியும். அடில பிரேம் இல்லாத தொட்டின்னா தெர்மோகோல் ஷீட்டோ ஃபோம் ஷீட்டோ விரிச்சுட்டு வைங்க.

மூணு அடி தொட்டி

மீனுக்கு இதுதான் நல்லது, சந்தேகமே இல்ல. தண்ணி நிலையா நிக்கும், ஒன்றரை அடி ஒசரம் இருக்கறதால ஏஞ்சல் வளக்கலாம், அந்த மீன் துடுப்போட ஒரு சாண் ஒசரத்துக்கு வரும், அதுக்கு அந்த ஆழம் வேணும். ஆனா முதல் தொட்டியா வாங்குறவங்க கவனிக்க வேண்டியது: ஒருவாட்டி நிரப்பிட்டா அது நகராது. வாடகை வீட்டுல இருந்து வருஷத்துக்கு ஒருவாட்டி மாறுறவங்களுக்கு இது பெரும் பாரம். தனி ஸ்டாண்டு, 100 வாட்டுக்கு மேல ஹீட்டர், பெரிய பில்டர், கிராவல் மட்டுமே இருபது கிலோவுக்கு மேல, வாரம் 30 லிட்டர் தண்ணிய வாளில தூக்கணும், குழாய் விட்டு உறிஞ்சி எடுக்க வசதி இல்லன்னா மூணாவது மாசம் சலிச்சுப் போகும். சலிச்சுப் போன தொட்டில இருக்குற மீன்தான் பாவம்.

இன்னொண்ணு, பெரிய தொட்டி ஆச்சேன்னு எல்லாத்தையும் விடத் தோணும். பாசி சாப்பிடும்னு வாங்குற சக்கர் ஃபிஷ் விரல் நீளத்துல விப்பாங்க, அது ஒரு அடிக்கு மேல வளரும், மூணு அடி தொட்டிலயே அதுக்கு திரும்ப இடம் பத்தாது, அது தின்னுற பாசிய விட போடுற கழிவு அதிகம். ஆஸ்கர் மீனும் ரொம்ப பெருசா வளரும், வேணாம், ரெட் டெயில் கேட்ஃபிஷ் கனவுல கூட வேணாம், அது ஒரு மீட்டருக்கு மேல வளருற மீன். வளந்த பிறகு குளத்துலயோ ஆத்துலயோ கொண்டு போய் விடுறது அங்க இருக்குற நம்ம மீனுக்கு பண்ற துரோகம்.

சைக்கிளிங்: இதுலயும் மூணு வழி

தொட்டி எதுவா இருந்தாலும் இந்த முடிவ எடுத்தே ஆகணும்.

மீன் இல்லாம பண்றது என் சாய்ஸ். பில்டர ஓட விட்டு, குளோரின் எடுத்த தண்ணில வாசனை கலக்காத சுத்தமான அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வர்ற அளவுக்கு ஊத்தி, டெஸ்ட் கிட் வச்சு ரெண்டு நாளுக்கு ஒருவாட்டி பாக்கணும், அம்மோனியா தீர்ந்தா திரும்ப அதே அளவு ஊத்தணும், இல்லன்னா பசில பாக்டீரியா வளராது. முதல்ல அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். நான் வச்சிருக்குற லிக்விட் கிட்ல நைட்ரைட் இருந்தா டியூப் கத்திரிப்பூ கலர்ல நிக்கும், ரெண்டு வாரத்துக்கு மேல அது மாறவே இல்ல, ஏதோ தப்பு பண்ணிட்டோம்னே நினைச்சேன், திடீர்னு ஒரு காலைல சொட்டு விட்டு குலுக்குனா வெளிர் நீலம். அஞ்சு நிமிஷம் ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சு பாத்துட்டே நின்னேன். 2 பிபிஎம் ஊத்தி 24 மணி நேரத்துல அம்மோனியாவும் நைட்ரைட்டும் ரெண்டும் பூஜ்யத்துக்கு வந்தா தொட்டி ரெடி, அப்புறம் பாதிக்கு மேல தண்ணிய மாத்தி நைட்ரேட்ட குறைச்சுட்டு மீன் விடலாம். செலவு கம்மி, பொறுமைதான் செலவு, வீட்டுல குழந்தைங்க இருந்தா "மீன் எப்ப வரும்"னு தினமும் கேக்கும்.

ரெண்டாவது, கொஞ்சமா மீன விட்டே சைக்கிள் பண்றது. ஏற்கனவே மீன் கையில வந்துடுச்சுன்னா, யாரோ பரிசா குடுத்துட்டாங்கன்னா, வேற வழி இல்ல. கைப்பிடிக்கு பதில் சிட்டிகை தீனி, தினம் டெஸ்ட், அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.25 பிபிஎம் தாண்டுனா கால்வாசிலருந்து பாதித் தண்ணி மாத்தணும். நைட்ரைட் ரத்தத்துல ஏறுனா ரத்தம் பழுப்பா மாறி ஆக்சிஜன எடுத்துட்டு போக முடியாம போகும், தண்ணில காத்து நிறைய இருந்தாலும் மீன் மூச்சுத் திணறும். வேலை அதிகம், மீனுக்கும் வேதனை.

மூணாவது, நல்லா ஓடிட்டு இருக்குற ஒரு தொட்டில இருந்து பழைய ஸ்பாஞ்ச் கடன் வாங்குறது. தெரிஞ்சவங்க யாராவது வச்சிருந்தா இதுதான் குறுக்கு வழி, உங்க புது ஸ்பாஞ்ச அவங்க தொட்டில ஒரு மாசம் போட்டு வச்சு எடுத்துட்டு வந்தா இன்னும் நல்லது. ஈரம் காயாம, அதே தண்ணில முங்க வச்சு கொண்டு வரணும். அந்தத் தொட்டில நோய் இருந்தா அதுவும் கூடவே வரும்ங்கறதால மீன் செத்துட்டு இருக்குற இடத்துல இருந்து வாங்காதீங்க.

தண்ணி விஷயத்துல ஒண்ணு, குழாய் தண்ணிய ஒரு நாள் திறந்து வச்சா குளோரின் போயிடும்னு சொல்லுவாங்க, வெறும் குளோரின்னா போகும், குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேந்தது) கலந்திருந்தா போகாது. ஒரு சின்ன பாட்டில் மருந்து மாசக்கணக்குல வரும், அதுல மிச்சம் புடிக்காதீங்க.

எந்த நிலைமைல எது

மேஜை ஓரம் மட்டும்தான் இருக்கு, ஒரே மீனோட பழகுனா போதும்னா ஒரு அடி, ஃபைட்டர். குழந்தைங்களுக்காக வாங்குறீங்க, வாரம் அரை மணி நேரம் ஒதுக்க முடியும்னா ரெண்டு அடி. சொந்த இடம், பக்கத்துலயே தண்ணிக் குழாய், கூட தூக்க ஒரு ஆள் இருக்குன்னா தயங்காம மூணு அடி. காசு இடிக்குதுன்னா சின்னதுக்கு இறங்காம பழைய ரெண்டு அடி தொட்டியத் தேடுங்க, வீடு மாறுறவங்க குடுப்பாங்க, வாங்குனதும் வெளிய சமதரைல ரெண்டு நாள் நிரப்பி வச்சு கீழ காகிதம் விரிச்சு ஈரம் இருக்கான்னு பாருங்க. அடிக்கடி ஊருக்கு போறவங்களுக்கும் ரெண்டு அடிதான், வளந்த மீன் மூணு நாலு நாள் தீனி இல்லாம சும்மா இருக்கும், பக்கத்து வீட்டுல சொல்லி போடச் சொன்னாதான் அள்ளிக் கொட்டிடுவாங்க.

மீன் வர்ற அன்னிக்கு லைட்ட அணைச்சுடுங்க. கவர கால் மணி நேரம் தொட்டில மிதக்க விட்டு, அப்புறம் ஒரு கப் தொட்டித் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா கவருக்குள்ள ஊத்தி அரை மணி நேரம் பொறுத்து, வலைல மீன மட்டும் அள்ளி விடுங்க, கவர்ல இருந்த தண்ணி உள்ள போக வேணாம். மொத்த மீனையும் ஒரே நாள் வாங்காம பாதி இப்ப, மீதி ரெண்டு வாரம் கழிச்சு. அன்னிக்கு ராத்திரி தீனி வேணாம், மறுநாள் காலைல செடிக்குள்ள இருந்து ஒண்ணொண்ணா வெளிய வரும், அப்ப ஒரு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு மட்டும் போடுங்க.